வீட்டுப் பட்டறையில் சிறு நீராவி யந்திரம்

1763-64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கிளாஸ்கோ சர்வகலாசாலைக்குச் சொந்தமான நியூகோமன் நீராவி யந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று, பழுதுபார்ப்பதற்காக ஜேம்ஸ் வாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. குறைகள் நீக்கப்பட்ட பின்னரும் அது சில வீச்சுகள் மட்டுமே இயங்கி நின்றுவிட்டது. காரணத்தை ஆராய்ந்த வாட், நீராவியை உருளைக்கு வெளியே தனிக் கலத்தில் குளிர்விக்கும் முறையை 1765இல் கண்டறிந்தார். யந்திரத்தின் அளவைச் சுருக்கினால் அதன் தன்மைகள் யாவும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதற்கு அம்மாதிரி சிறந்த சான்றாகும்.

உருளையின் நீளத்தையும் விட்டத்தையும் பாதியாக்கினால் அதன் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிறது; சுவரின் பரப்போ நான்கில் ஒரு பங்காகவே குறைகிறது. ஆகவே ஒவ்வொரு துளி நீராவியையும் குளிர்விக்கும் பரப்பு இருமடங்காகிறது. சிறு யந்திரத்தில் நீராவி விரைவில் நீராகி வீணாவது இதனாலேயே.

வீட்டுப் பட்டறைக்கு ஏற்றது ஊசலாடும் உருளை கொண்ட யந்திரமாகும். இதற்குத் தனி வால்வு வேண்டியதில்லை. பித்தளை உருளையின் பக்கத்தில் சமதளமான முகமும், அதில் ஒரு துளையும் அமைக்கப்படுகின்றன. பிஸ்டன் தண்டு நேரே கிராங்குடன் இணைக்கப்படுவதால், சக்கரம் சுழலும்போது உருளையும் இருபுறமும் அசைகிறது. அவ்வாறு அசைகையில் அதன் துளை, நிலைத்தகட்டிலுள்ள நீராவித் துளையையும் வெளியேற்றும் துளையையும் மாறி மாறிச் சந்திக்கிறது. இவ்விரு முகங்களையும் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குதல் வேண்டும். இன்றேல் நீராவி கசியும். உருளையின் உள்விட்டம் 12 மில்லிமீட்டராகவும், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராமாகவும் இருப்பின், பிஸ்டன்மீது ஏறக்குறைய 3.4 கிலோகிராம் விசை செயற்படும். நீராவி தள்ளாத அரைச்சுற்றைக் கனமான சக்கரம் கடத்திவிடும். தொடக்கத்தில் குளிர்ந்த உருளையில் நீர் சேருமாதலால், அது சூடேறும்வரை சக்கரத்தைக் கையால் சுழற்றுவது நன்று.

கொதிகலத்தின் குழாய்க்குச் சிறுமை நன்மையே செய்கிறது. ஒரே அழுத்தத்தில், விட்டம் குறையக் குறையச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் குறைகிறது. ஆனால் தட்டையான முனைத்தகடுகளுக்கும் பற்றவைத்த இணைப்புகளுக்கும் இதனை நம்பிச் சலுகை காட்டலாகாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கும். மேற்கூறிய அழுத்தத்தில் நீராவியின் உஷ்ணநிலை சுமார் 143 டிகிரி. நீர் உள்ளவரை இணைப்பு நிலைக்கலாம். நீர் வற்றிய சில நிமிடங்களில் அது பிளந்துவிடும். 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசையே பயன்படுத்துதல் வேண்டும். இரு முனைத்தகடுகளையும் உள்ளே ஒரு தண்டினால் பிணைத்தலும் அவசியம்.

நெருப்பு மூட்டுவதற்கு முன்னர், கொதிகலத்தில் காற்றுச் சிறிதுமின்றிக் குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பினால் வேலையழுத்தத்தின் இருமடங்கு வரை சோதித்தல் வேண்டும். நீர் எளிதில் அமுங்காததால் அதில் சேமிக்கப்படும் சக்தி மிகக் குறைவு. இணைப்பு விட்டுப்போனாலும் சிறிது நீர் கசிவதோடு நிற்கும். காற்றைக் கொண்டோ நீராவியைக் கொண்டோ இச்சோதனையைச் செய்தால், அதே பிளவு வெடிப்பாக மாறும். சோதனையில் தேறிய கொதிகலத்திற்கும் காப்பு வால்வும் அழுத்தமானியும் இன்றியமையாதவை.