மலை ஏறி இறங்கிய பைக்கில் எண்ணெய் ஏன் வெளுக்கிறது?

வத்தலக்குண்டு வெயிலில் கிளம்பி, ஐப்பசி மழையில் சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்கு ஏறினால், செயின் வண்டிக்காரர் சேறு கழுவி எண்ணெய் விட்டாக வேண்டும். ஷாஃப்ட் வண்டிக்கு அந்த வேலை இல்லை. 1923-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்32-இலும் இருந்த ஏற்பாடு அது: சங்கிலிக்குப் பதில் சுழலும் தண்டு, அதன் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குத் திருப்பிவிடும் சாய்வுப் பற்சக்கரங்கள். இன்றைய வண்டிகளில் இந்தப் பற்கள் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் சுழல்கின்றன.

மூடியது என்றாலும், சூட்டில் விரியும் காற்று வெளியேறப் பல பெட்டிகளில் சிறு துளை உண்டு. ஓடிச் சூடேறிய பெட்டி மழையில் நனைந்து குளிர்ந்ததும் உள்காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மலையிறங்கும்போது கூடும் காற்றழுத்தமும் அதையே செய்யும். நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுக்கும். பற்களைக் காக்கும் படலம் வலுவிழக்கும்.

மழைப் பயணம் முடிந்ததும், பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெயை வடித்துப் பார்ப்பது நல்லது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் களிம்பு இருந்தால் பயமில்லை, இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அந்த வண்டியைத் தயவுசெய்து பெருமாள்மலை வளைவுகளில் ஓட்டி இறக்காதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.