ஜெபாலயமும் வைத்தியசாலையும்

பிணியுற்ற ஒருவர் வைத்தியசாலையை நாடுவது பிணி நீங்கும் பொருட்டேயன்றி மதம் மாறும் பொருட்டன்று. எனினும், கீழ்த்திசை நாடுகளில் மேலைநாட்டு மிஷன்கள் நிறுவிய வைத்தியசாலைகளில் இவ்விரண்டும் நெடுங்காலம் பிணைந்தே கிடந்தன. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1820இல் யோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர் பணி தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு, பிற்காலத்தில் அக்கல்வியைத் தமிழிலேயே புகட்டினார். ஸ்கடரின் பேர்த்தியாகிய ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தமது தொண்டினை ஆரம்பித்தார். இவர்கள் செய்த நன்மையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், காத்திருக்கும் நோயாளருக்கு முதலிற் பிரசங்கம், பின்னரே மருந்து என்னும் வழக்கம் மிஷன் வைத்தியசாலைகள் பலவற்றில் நிலவியது. வயிற்று வலியால் வாடுபவன் எந்த மனநிலையோடு அதனைக் கேட்டிருப்பான் என்பது சிந்திக்கற்பாலது.

வழிபாட்டிலும் இத்தகையதோர் இடர் இருந்தது. கோவிலுக்குச் சென்று நிலத்தில் அமர்ந்து வணங்கிப் பழகிய ஒருவர் தேவாலயத்தினுள் நுழைந்தால், வாங்குகளும் பாதரட்சையோடு அமர்ந்திருப்போரும் அவர் கண்ணிற் படுவர். செவியில் விழும் பாட்டோ ஐரோப்பிய மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டு. மேலைநாட்டு மெட்டு தன் தாளத்தை விட்டுக்கொடாது. அதற்குத் தமிழ்ச்சொல்லே வளைந்துகொடுத்தல் வேண்டும். குறில் நெடிலாக நீளும், நெடில் குறுகும், சொல்லின் நடுவே மூச்சு முறியும். பொருளறியாது பாடினும் அமையும் என்றிருப்பார்க்கு இது குறையாகத் தோன்றாது. பொருளைக் கேட்டு அறிய வந்த பிறமதத்தவர்க்கோ அது வாயிலிலேயே எழுந்த சுவராகும். இக்குறையை முன்னரே நன்குணர்ந்தவர் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). குறவஞ்சி முதலிய தமிழ் வடிவங்களையும், பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பையும் கிறிஸ்தவ பக்திக்கு அவர் உரியவாக்கினார். ஆனால், பாட்டு தமிழானபின்னும் கட்டடமும் நடையுடையும் நெடுநாள் அந்நியமாகவே இருந்தன.

வைத்தியம், வழிபாடு என்னும் இவ்விரு துறைகளையும் ஒருங்கே மாற்றியமைக்க முயன்றது, அக்காலத்து வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் 1921இல் தோன்றிய கிறிஸ்துகுல ஆச்சிரமமாகும். (அவ்வூர் 2019 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.) அதனை நிறுவியவர் இருவர், இருவரும் வைத்தியர். ஒருவர் தமிழ்க் கிறிஸ்தவராகிய சவரிராயன் யேசுதாசன். மற்றவர் ஏர்னஸ்ட் பொரெஸ்டர் பேற்றன். ஸ்கொட்லாந்தில் அலோவா என்னும் ஊரிற் கம்பளி நூல் ஆலைகளாற் பெருஞ்செல்வம் எய்திய குடும்பத்தில் உதித்தவர். இருவரும் பிரித்தானியாவில் நண்பராயினர். மணவாழ்வைத் துறந்து, கதராடை உடுத்து, ஊதியம் பெறாது வாழத் தலைப்பட்டனர். ஆச்சிரமத்தாரும் ஊராரும் யேசுதாசனைப் ‘பெரியண்ணன்’ என்றும், பேற்றனைச் ‘சின்னண்ணன்’ என்றும் அழைத்தனர். வெள்ளையர் ஆட்சி நிலவிய நாட்டில் வெள்ளையர் ஒருவர் தமிழர் ஒருவருக்குத் தம்பியாயிருக்க இசைந்தமை சிறிய செய்தியன்று. பிரசங்கங்கள் பல செய்திருக்கக்கூடியதைவிட அவ்விரு பெயர்களும் மிகுதியாகச் செய்தன எனலாம்.

ஆச்சிரமம் என்னும் அமைப்பையே அவர்கள் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. மிஷன் வளவு மதிலால் அடைக்கப்பட்டது. அதில் துரையும் பணியாளரும் எனப் படிகள் இருந்தன. ஆச்சிரமமோ வருவோர் எவர்க்கும் திறந்த வாழிடம். அங்கே நிலத்தில் வரிசையாக அமர்ந்து எல்லோரும் ஒன்றாக மரக்கறி உணவு உண்டனர். உடனிருந்து உண்பதையே சாதி தடுத்த காலம் அது. நோயுற்ற ஏழை மக்கள் சாதியும் சமயமும் பாராது ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பின்னாளில் யேசுதாசன், பண்டை ஆச்சிரமங்களையும் தற்கால ஆச்சிரமங்களையும் ஒப்புநோக்கி ஆங்கிலத்தில் நூலொன்றும் எழுதினார்.

அங்கு எழுந்த ஆலயத்தின் பெயர் ஜெபாலயம். அது திராவிடக் கோவிற் சிற்பமுறையைத் தழுவியது. கோபுரமும் மண்டபமும் உடையது. உட்புகுவோர் பாதரட்சையைப் புறத்தே நீக்கி, நிலத்தில் அமர்வர். வழிபாட்டில் தமிழ்ப்பாட்டும் மௌனமும் இடம்பெற்றன. சாந்தும் கல்லும் மாத்திரம் அங்கு தமிழாகவில்லை. உடல் வணங்கும் முறையும் தமிழாயிற்று. பிணி தீர்ந்த ஒருவர் அம்மண்டபத்திற் சிறிது நேரம் இருந்து செல்ல விரும்பினால், எங்கே அமர்வது, எவ்வாறு அமர்வது என்று எவரையும் வினவவேண்டியதில்லை.

இம்முயற்சி இருபுறத்துக் கண்டனத்திற்கும் இடமளிப்பது. கோவிலின் வடிவை இரவல் வாங்கிக் கிறிஸ்தவத்தின் தூய்மையைக் கெடுத்தல் இது என ஒரு சாரார் ஐயுறலாம். இந்துக்களை ஈர்ப்பதற்குப் பூண்ட மாறுவேடம் இது என மறுசாரார் ஐயுறலாம். இரண்டாவது ஐயம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. ஏனெனில், ஆச்சிரமத்தார் தம் சமயத்தைப் பிறர்க்கு எடுத்துரைப்பதைக் கைவிட்டாரல்லர், அதனை ஒளித்தாருமல்லர். எனினும், வேடம் பூண்பவர் தேவை முடிந்ததும் அதனைக் களைந்துவிடுவர். இவ்விருவரோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு அக்கோலத்திலேயே வாழ்ந்தனர். அதன் பொருட்டு அடியும் பட்டனர். 1932இல் அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்தபோது, சென்னைத் தெருவிற் கதருடன் நின்ற பேற்றனைப் பொலிசார் தடியால் அடித்து, நிறநீரையும் அவர்மேற் பாய்ச்சினர். செய்தி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்றது. அடித்தவர்கள் அவரை ஆடையைக் கொண்டே அளந்தனர் என்பது தெளிவு.

குறைகளும் இல்லாமலில்லை. பிரமசரியமும் ஊதியமின்மையும் பலர்க்கு இயல்வனவல்ல. ஆகவே ஆச்சிரமத்தின் நிலையான உறுப்பினர் தொகை என்றும் சிறிதாகவே இருந்தது. குணமடைந்து சென்றோருட் பெரும்பாலார் தத்தம் கோவில்களுக்கே மீண்டனர். மதமாற்றத்தைக் கணக்கிடும் மிஷன் அறிக்கைக்கு இது தோல்வியாகத் தோன்றலாம். வைத்தியத்தை வைத்தியமாகவே கொண்டால் அக்கணக்கிற்கு அங்கு இடமேயில்லை.

இம்மாதிரி திருப்பத்தூரோடு நின்றுவிடவில்லை. 1950இல் குளித்தலையருகே காவிரிக்கரையில் இரு பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவிகள் சாந்திவனத்தை அமைத்தனர். அதற்கு முன்னரே, 1939இல், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமம் உருவாயிற்று. பண்டத்தரிப்பில் முதல் மிஷன் வைத்தியர் மருந்துப்பெட்டியைத் திறந்து 119 ஆண்டுகள் சென்றபின், அங்கிருந்து அதிக தூரமில்லாத ஒரு பனங்காணி நாட்டுச் சிற்றூரில், வந்தவரும் இருந்தவரும் ஒரே நிலத்தில் அமர்ந்து கடவுளைப் பாடினர்.