ஓட்டுக்குக் கீழே ஓடும் நெருப்பு

ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை கக்கும் லாவா, அதாவது எரிமலைக்குழம்பு, வெளியே வரும்போது சுமார் 1150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். ஒரு மணி நேரம் போனால் அதன்மேல் நாலு விரல் கனத்துக்குக் கல் ஓடு கட்டிவிடும். ஓர் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். (பூட்ஸின் அடிப்பாகம் தாங்காது; அது வேறு விஷயம்.) ஓட்டுக்குக் கீழே குழம்பு செக்கச்செவேலென்று நகர்ந்துகொண்டே இருக்கும்.

கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே உறைந்த ஓடே உள்சூட்டை வெளியே விடாமல் மறித்துவிடுகிறது. அதனால் ஓடு தடிக்கத் தடிக்க, மேலும் தடிக்கும் வேகம் குறைகிறது. 8 செ.மீ. ஆக 1 மணி நேரம், 16 செ.மீ. ஆக 4 மணி நேரம். 32 ஆக 16 மணி நேரம். 1959இல் கிலாவேயா இக்கி என்ற பள்ளத்தில் 100 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தேங்கிய லாவா ஏரி முழுதாக இறுக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இன்று அதன் குறுக்கே நடந்தே போகலாம். வெடிப்புகளிலிருந்து ஆவி எழும்: உள்ளே இறங்கிய மழைநீர், இன்னும் ஆறாத கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.

ஓடும் லாவாவின் மேற்பரப்பே உறைந்து கூரையாகிவிட்டால் லாவாக் குழாய் உருவாகிறது. அதற்குள் 10 கிலோமீட்டர் ஓடியும் சூடு சுமார் 10 டிகிரிதான் குறைகிறது. வீட்டு வெந்நீர் பிளாஸ்க் வெட்கப்பட வேண்டிய கணக்கு! மேலே நடப்பவருக்கு இந்தக் குழாயில்தான் ஆபத்து. கூரை எங்கே மெலிந்திருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

வழவழப்பாக உறையும் லாவாவை ஹவாய்க்காரர்கள் பாஹோய்ஹோய் என்பார்கள். அதன்மேல் மெல்லிய கண்ணாடித் தோல் பளபளக்கும். ஆறும்போது அது சுருங்கிப் படபடவென்று தெறிக்கும். சில்லுகள் துள்ளி விழும். தடுமாறிக் கையை ஊன்றினால் உள்ளங்கை கிழிந்துவிடும். கையுறையும் முழுக்கால் சட்டையும் அங்கே அலங்காரத்துக்கல்ல.

கடலோரம் இன்னும் மோசம். கடலில் விழும் லாவா கருமணலாகவும் சில்லுகளாகவும் நொறுங்கிக் குவிகிறது. அந்தக் குவியலின்மேல் அடுத்த லாவா பரவித் திட்டாகிறது. பார்க்கப் புது நிலம், அடியில் பிடிமானம் கிடையாது. 2016 டிசம்பர் 31 அன்று கமோகுனா என்ற கடலோர இடத்தில் சுமார் 26 ஏக்கர் கடலுக்குள் சரிந்தது. அன்று ஐந்து பேர் தடுப்புக் கயிற்றைத் தாண்டி விளிம்புவரை போய்விட்டார்கள். எரிமலைப் பூங்காவின் காவலர்கள் பின்னாலேயே ஓடிப்போய்த் திருப்பி அழைத்து வந்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அவர்கள் நின்ற இடம் கடலுக்குள் போய்விட்டது.

லாவா கடலில் விழும் இடத்தில் எழும் வெண்புகை வெறும் நீராவி அல்ல. கடல்நீரின் உப்பு அந்தச் சூட்டில் வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது; அதோடு பொடிப்பொடியான கண்ணாடித் துகள்களும் கலந்து வரும். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. ஆகவே காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். திசை மாறினால், படம் எடுத்தது போதுமென்று கிளம்பிவிட வேண்டும்.