கருக்குழாய்க்கு ‘சாயச் சோதனை’: போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

கல்யாணமாகி இரண்டு தீபாவளி கழிந்துவிட்டால் போதும். “என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்ற கேள்வி லயத்துக் குழாயடியில் தொடங்கி, மாரியம்மன் திருவிழா வரைக்கும் துரத்திக்கொண்டே வரும். மூன்றாவது தீபாவளிக்குள் கேள்வி நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் பேச்சு ஆரம்பிக்கும். சூடு என்பார்கள், கர்ப்பப் பூச்சி என்பார்கள். கஷாயமும் மந்திரித்த கயிறும் வரும். கடைசியில், “பையனுக்கு வேற இடம் பார்த்தா என்ன?” என்ற யோசனையும் வரும்.

அந்த யோசனைக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத ஒருவர் முதல் மனைவியை முறைப்படி மணவிலக்குச் செய்யாமல் இன்னொருத்தியைக் கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது. அது குற்றமுங்கூட. கோயிலில் தாலி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஓராண்டு கணவனும் மனைவியும் கருத்தடை எதுவுமின்றிச் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும், காத்திருக்கக் கூடாது. அப்படிப் போகும் பெண்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சோதனைகளில் ஒன்றுதான் ‘எச்.எஸ்.ஜி.’ என்பது. தோட்டத்தில் இதை ‘டியூப் டெஸ்ட்’, ‘சாயம் விட்டுப் பாக்குறது’ என்றெல்லாம் சொல்கிறார்கள். பேரைக் கேட்டதுமே, “ஆபரேஷனாம், மயக்க மருந்து குடுப்பாங்களாம்” என்று வதந்தி கிளம்பிவிடுகிறது. சீட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, போகாமலே ஆண்டுகளை ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. பிள்ளைப்பேறு விஷயத்தில் வயது போனால் திரும்புவதில்லை. ஆகவேதான் இந்தச் சோதனையில் என்னதான் நடக்கிறது என்பதை விளக்கமாக எழுதுகிறோம்.

கருப்பையின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். உள்ளே இருக்கும் வழியோ, மிகக் குறுகிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மாதா மாதம் வெளிப்படும் கருமுட்டை இந்தக் குழாய்க்குள் வந்துதான் ஆணின் விந்தணுவோடு சேர்கிறது. பிறகு சில நாள் மெல்ல நகர்ந்து கருப்பையை அடைகிறது. பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது சட்டென்று புரியும். மரத்தில் பால் ஊறினாலும், கோட்டில் ஒட்டுப்பால் அடைத்துக்கொண்டால் மங்குக்குப் பால் போய்ச் சேராது அல்லவா? குழாய் அடைபட்டாலும் அதே கதைதான். மாதவிலக்கு ஒழுங்காக வரும், உடம்பில் ஒரு குறையும் தெரியாது, ஆனால் கரு மட்டும் தங்காது.

அடைப்பு ஏன் வருகிறது? முன்பு கரு கலைந்தபோது உள்ளே புகுந்த கிருமியால் வரலாம். வெடித்துப்போன குடல்வால், பழைய வயிற்று ஆபரேஷன், காசநோய் இவற்றாலும் வரலாம். கணவன் மனைவி உறவில் தொற்றும் கிளமிடியா என்ற கிருமி, ஒரு வலியும் காட்டாமலே குழாயைக் கெடுத்துவிட்டுப் போய்விடும். இதில் பெண்ணின் பாவம் என்ன இருக்கிறது? பல நேரங்களில் அந்தக் கிருமி வீட்டுக்கு வந்ததே கணவன் மூலமாகத்தான்.

கணவனைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுவோம். பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் குறை, தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, இருக்கிறது. ஆணுக்குச் சோதனை மிகச் சுலபம். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் மனைவியோடு சேராமல் இருந்து, ஒரு சிறு போத்தலில் விந்து எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஊசியில்லை, வலியில்லை. அப்படியிருந்தும், “எனக்கென்ன குறை? அவளைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க” என்கிற ஆம்பிளைகள் ஏராளம். தாம் போத்தலைத் தொடமாட்டார்களாம், மனைவி மட்டும் எக்ஸ்ரே மேசையில் படுக்க வேண்டுமாம்! விவரமறிந்த டாக்டர்கள் கணவனின் முடிவைப் பார்த்த பிறகே மனைவிக்குக் குழாய்ச் சோதனை எழுதுவார்கள். உங்களிடம் டாக்டர் கேட்காவிட்டாலும், “அவருக்கும் டெஸ்ட் எழுதுங்க டாக்டர்” என்று நீங்களே கேளுங்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக். அங்கே டாக்டர் ‘சூராட் ருஜுக்கான்’ என்ற கடிதம் தருவார். அதைக் கொண்டு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ, குளுவாங், மூவார், பத்து பகாட், சிகாமாட் மருத்துவமனைகளில் உங்களுக்குக் கிட்டத்தில் உள்ளதற்கோ போகலாம். இவற்றிலெல்லாம் பெண்கள் நோய் நிபுணர்கள் இருக்கிறார்கள். குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 வெள்ளிதான். எக்ஸ்ரேவுக்குத் தனியாக எவ்வளவு என்பதை நாள் குறிக்கும்போதே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரிடம் போனால் பல நூறு வெள்ளி ஆகும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று 1966ல் தொடங்கப்பட்ட தேசிய வாரியம், இன்று எல்.பி.பி.கே.என். என்ற பெயரில் பிள்ளை வேண்டுமென்பவர்களுக்கும் ஆலோசனை தருகிறது. காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்!

நாள் குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு, அடுத்த முட்டை வெளிப்படுமுன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். அதாவது விலக்கான முதல் நாளை ஒன்று என்று எண்ணினால், ஆறாம் நாளிலிருந்து பதினொன்றாம் நாளுக்குள். அதனால், “தாத்தாங் ஹைட்” (விலக்கு வந்துவிட்டது) என்று முதல் நாளே எக்ஸ்ரே பகுதிக்குப் போன் செய்து சொல்லச் சொல்வார்கள். அன்றிலிருந்து சோதனை முடியும்வரை கணவன் மனைவி சேரக் கூடாது. வயிற்றில் கரு இருக்கும்போது எக்ஸ்ரேயும் மருந்தும் படக்கூடாது என்பதுதான் காரணம். இந்த மாதம் விலக்கு தள்ளிப்போயிருந்தாலும், வழக்கத்தைவிடக் குறைவாகப் பட்டிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சிறுநீர் பார்த்துத் தெளிவு பண்ணிக்கொள்வார்கள். மருந்து ஊசியோ அயோடினோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், தைராய்டு, சர்க்கரை, ஆஸ்துமா இருந்தால், துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டால், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சோதனை நாளன்று பசியாறிவிட்டே போகலாம், ‘சாப்பிடாமல் வா’ என்று சொல்லியிருந்தாலொழிய. ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வதுண்டு. எந்த மாத்திரை என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைலியும் இரண்டு மூன்று துணிப் பட்டைகளும் பையில் இருக்கட்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். மாமியார் வந்தால் நல்லதே, கணவன் வந்தால் அதைவிட நல்லது.

எக்ஸ்ரே அறையில் நடப்பது இதுதான். ஆஸ்பத்திரி உடையில் மேசைமேல் மல்லாந்து படுத்து, பிரசவத்துக்குப் போல் முழங்காலை மடக்கிக் கொள்ள வேண்டும். டாக்டர் வாத்து அலகு மாதிரியான கருவி ஒன்றை வைத்து வழியை விரித்து, கருப்பை வாயை மருந்தால் துடைப்பார். அது சில்லென்று இருக்கும். பிறகு மெல்லிய குழாயொன்றைக் கருப்பை வாயில் செலுத்தி, அதன் வழியே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். மேலே இருக்கும் எக்ஸ்ரே, உள்ளே மருந்து ஓடுவதை டிவிபோல் திரையில் காட்டும். முதலில் கருப்பை முக்கோணமாகத் தெரியும். அப்புறம் இரண்டு பக்கமும் நூல்போல் கோடு ஓடும். குழாய் திறந்திருந்தால் மருந்து அதன் நுனியைத் தாண்டி வயிற்றுக்குள் சிந்திப் பரவும். அந்தச் சிந்தலைப் பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். நடுவில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுவார்கள். சொல்கிறபடி திரும்பினால் போதும்.

வலிக்குமா? வலிக்கும். இல்லையென்று பொய் சொல்ல மாட்டோம். மருந்து ஏறும்போது விலக்கு நாள் வலிபோல் அடிவயிற்றைப் பிசையும். சிலருக்கு லேசாகவே இருக்கும், சிலருக்கு ‘அம்மா’ என்று கத்தும் அளவுக்கு இருக்கும், குழாய் அடைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் அந்தக் கடுமை சில நிமிஷம்தான். மொத்தச் சோதனையும் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். மயக்க மருந்து கிடையாது, கத்தி கிடையாது. தாங்க முடியாவிட்டால் “சாகிட், டாக்டர்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்திச் செய்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. அறையில் இருக்கும் டாக்டர் ஆணாக இருக்கலாம். பெண் டாக்டர் வேண்டுமென்றால் நாள் குறிக்கும்போதே கேட்டுப் பாருங்கள். மிஸ்ஸி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

சாயம் என்றதும் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும், துணி கறைபடும் என்று எண்ண வேண்டாம். இது அயோடின் கலந்த மருந்து. எக்ஸ்ரேயில் மட்டும் பளிச்சென்று தெரியும். நீல மருந்து விடுவது வேறு சோதனை. அதற்குத்தான் மயக்கம் கொடுத்து, தொப்புள் பக்கம் துளையிட்டுக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதில்தான் அந்த ஆபரேஷன் வதந்தி பிறந்தது.

முடிந்ததும் தலை சுற்றலாம். சற்று நேரம் படுத்திருந்து, இனிப்பாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஒன்றிரண்டு நாள் லேசாக இரத்தமும் பிசுபிசுப்பான நீரும் படும். அதற்குத் துணிப் பட்டையே போதும், உள்ளே எதுவும் வைக்க வேண்டாம். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் அநேகர். ஆனால் காய்ச்சல் கண்டாலோ, வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, நாற்றம் வந்தாலோ, இரத்தம் அதிகமாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். உள்ளே கிருமி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். நூற்றில் ஓரிருவருக்கு நேரலாம். சூடு பிடித்துவிட்டதென்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெறுமனே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நேரச்சீட்டு, எம்.சி. ஆகாது. உடம்பு முடியவில்லையென்றால் டாக்டரிடம் எம்.சி. கேளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்தவருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். என்ன சோதனை என்று கிராணியிடமோ மண்டோரிடமோ விவரிக்க வேண்டியதில்லை.

முடிவைப் படம் எடுப்பவர் சொல்ல மாட்டார். நிபுணரைப் பார்க்கும் நாளில்தான் தெரியும். இரண்டு குழாயும் திறந்திருந்தால் வேறு காரணத்தைத் தேடுவார்கள். ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் கரு தங்க வழியுண்டு. இரண்டும் கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு என்று வந்தால், உடனே இடிந்து உட்காராதீர்கள். பயத்திலும் வலியிலும் குழாய் தானாகச் சுருங்கிக்கொண்டு அடைப்புப்போலவே காட்டுவதும் உண்டு. மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொரு செய்தி. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் செய்த ஆராய்ச்சியொன்று 2017ல் வெளிவந்தது. எண்ணெய் கலந்த மருந்தில் சோதனை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் ஆறு மாதத்துக்குள் கருவுற்றிருந்தார்கள். தண்ணீர் கலந்த மருந்தில் 29 பேர். குழாய் கழுவிவிட்டதுபோல் ஆகிவிடுகிறதோ என்று கருதுகிறார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. எந்த மருந்து என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை.

உண்மையாகவே இரண்டும் அடைத்திருந்தால்? இங்கிலாந்தில் லெஸ்லி பிரவுன் என்ற பெண்மணிக்கு அப்படித்தான் இருந்தது. கணவர் ரயில்வேயில் லாரி ஓட்டியவர். நம்மைப்போல் உழைக்கிற குடும்பம். ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. ஸ்டெப்டோ என்ற டாக்டரும் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் குழாயை விட்டுவிட்டு, வெளியிலேயே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைத்தார்கள். 1978 ஜூலை 25ஆம் தேதி பிறந்த அந்தப் பெண் குழந்தைதான் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை. சென்னையில் 1990ல் அதைச் செய்து காட்டியவர் டாக்டர் கமலா செல்வராஜ், நடிகர் ஜெமினி கணேசனின் மகள். அந்தச் சிகிச்சைக்குச் செலவு அதிகம், நம் சம்பளத்துக்கு எளிதில் எட்டாது. ஆனால் சில அடைப்புகளை ஆபரேஷனில் எடுத்துவிடலாம். எது சரிப்படும் என்று தெரிய, முதலில் அந்தப் படம் வேண்டும்.

படத்தையோ, அது பதிந்த தட்டையோ, முடிவுத் தாளின் நகலையோ கேட்டு வாங்கி, கல்யாணச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். தோட்டத்தை விட்டுப் பாசிர் கூடாங், ஸ்கூடாய் பக்கம் குடிபோகிறவர்கள் மூட்டை கட்டும்போது அதை மறந்துவிடாதீர்கள். அது கையில் இருந்தால் புது இடத்து டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டார்.