முன்னோர் வழியில் மலையும் நீரும்

சீன நிலக்காட்சி ஓவியத்தில் பழைய மேதை ஒருவரின் பாணியைப் பின்பற்றுவது குறையல்ல, பெருமை. யாருடைய வழியில் வரைந்தது என்பதை ஓவியர் படத்திலேயே மையால் எழுதி, முத்திரையும் பதிப்பார்.

இந்த மரபில் அதிகம் பின்பற்றப்பட்டவற்றுள் ஒன்று, ஹுவாங் கோங்வாங் (1269–1354) முதுமையில் ஆண்டுக்கணக்கில் தீட்டிய 'ஃபூசுன் மலைகளில் வாசம்' என்ற நீண்ட காகிதச் சுருள். வண்ணமே இல்லை, மை மட்டும்தான். மலைச்சரிவுகளில், பிரித்துப்போட்ட சணல் நாரைப்போல நீண்டு தளர்ந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அந்தக் கோட்டு முறையும் 10ஆம் நூற்றாண்டு ஓவியர் தோங் யுவானின் வழியில் வந்ததே.

மிங் காலத்து ஷென் சோவ் இந்தச் சுருளை வைத்திருந்து பறிகொடுத்தவர். 1487இல் அதை நினைவிலிருந்தே மீண்டும் வரைந்தார். வெறும் நகல் என்று அதைத் தள்ளிவிட முடியாது: அமைப்பு ஹுவாங்குடையது, கோட்டின் உறுதி ஷென்னுடையது.

1650இல் சுருளின் அப்போதைய உரிமையாளர் மரணப்படுக்கையில் அதை எரிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் நெருப்பிலிருந்து மீட்டார். ஆனால் அது இரண்டாகிவிட்டது. சிறிய துண்டு இன்று ஹாங்சோவிலும் பெரியது தைபேயிலும் உள்ளன. தொடக்கத்தில் கருகிப்போன பகுதியை அறியப் பழைய பிரதிகளே துணை.

தோங் சிச்சாங் (1555–1636) பழைய பாணியைப் பின்பற்றும் இந்த வழக்கத்துக்குக் கோட்பாடு வகுத்தார்: முன்னோரைக் கற்க வேண்டும், கற்றதை மாற்றவும் வேண்டும். அதைச் செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் வாங் ஹுவெய் (1632–1717). பல காலத்துப் பாணிகளையும் கைவசப்படுத்திய அவரிடமே, பேரரசர் காங்ஷியின் தென்னகப் பயணத்தை 12 சுருள்களில் தீட்டும் பணி 1691இல் வந்து சேர்ந்தது.