கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?

"பெரியம்மா! கம்ப்யூட்டர் நின்று நின்று போகிறது. அம்மாவிடம் மட்டும் சொல்லி விடாதீர்கள்!"

போன மே மாதம், ராத்திரி பதினொரு மணிக்கு என் தங்கை பிள்ளை டெலிபோனில் பேசினான். குரலில் அழுகை முட்டிக் கொண்டிருந்தது.

நான் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் பதினைந்து வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அதனால் குடும்பத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்குத் தலைவலி வந்தாலும் வைத்தியர் நான்தான்.

என் தங்கை தையல் மிஷினோடு மல்லாடிச் சேர்த்த பணத்தில் பையனுக்கு ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவனும் கெட்டிக்காரன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தந்து, கல்லூரிச் செலவைத் தானே சமாளித்து வந்தான். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று கம்ப்யூட்டரை 'ஓவர்கிளாக்' செய்திருக்கிறான். மறுநாள் காலை ஒரு வீட்டாருக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும். முன்பணம் வாங்கிச் செலவும் ஆகிவிட்டது!

அது என்ன ஓவர்கிளாக் என்கிறீர்களா? கம்ப்யூட்டரின் மூளையான பிராஸஸர், நாடித் துடிப்பைப் போன்ற ஒரு துடிப்புக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு. தயாரித்தவர்கள் குறித்த கணக்கைவிட வேகமாக அதைத் துடிக்க வைப்பதுதான் ஓவர்கிளாக்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1998-ல் இன்டெல் கம்பெனி 'செலரான் 300ஏ' என்ற மலிவு விலைப் பிராஸஸரை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். தாய்ப் பலகையின் துடிப்பை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் போதும், அது 450-ல் ஓடிற்று! அதே கம்பெனியின் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ன் விலையோ பல மடங்கு. மல் துணி விலைக்குப் பட்டுப் புடவை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஆனால் உஷ்ணம் என்று ஒன்று இருக்கிறதே! வேகத்தைப் பத்து சதவிகிதம் கூட்டினால், பிராஸஸர் கக்கும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே கூடும். அதோடு நின்றால் பரவாயில்லை. வேகம் தாங்காமல் பிராஸஸர் தடுமாறும். தடுமாறாமலிருக்க மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள். அங்கேதான் வினை. மின்னழுத்தத்தைப் பத்து சதவிகிதம் கூட்டினால் வெப்பம் இருபத்தொரு சதவிகிதம் ஏறும். இரண்டையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு அதிகம்!

"இப்போது எத்தனை டிகிரி காட்டுகிறது?" என்று கேட்டேன்.

"98, பெரியம்மா!"

இன்றைய பிராஸஸர்கள் பெரும்பாலும் 90-லிருந்து 100 டிகிரிக்குள் ஓர் எல்லை வைத்துக் கொண்டு, அதைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். எல்லாக் காலத்திலும் அப்படியில்லை. 2001-ல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையினர், ஓடிக் கொண்டிருந்த பிராஸஸர்களின் தலைமேலிருந்த ஹீட் ஸிங்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக் கொண்டு பிழைத்தது. ஏ.எம்.டி.யின் ஆத்லான் சில விநாடிகளில் புகைந்து போயிற்று!

"டிசம்பரில் நன்றாகத்தானே ஓடியது?" என்றான் பையன். டிசம்பர் ராத்திரியும் மே மாதத்து மாடி அறையும் ஒன்றா? அறை பத்து டிகிரி சூடானால், உள்ளே பிராஸஸரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். இந்தச் சின்னக் கணக்கைத்தான் பிள்ளைகள் மறந்து விடுகிறார்கள்.

அன்று ராத்திரிக்கு ஒரே வைத்தியம்தான். "கூட்டியதையெல்லாம் பழையபடி குறைத்துவிடு. பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேஜை மின்விசிறியை அதற்கு நேராக வை" என்றேன். வேகம் குறைந்துதான் ஓடிற்று. ஆனால் நிற்காமல் ஓடிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கு வீடியோ தயார்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டி அலமாரியின் அடித்தட்டில், முதுகு சுவரில் முட்டிக் கொண்டிருந்தது. முன்னால் குளிர்ந்த காற்று நுழைந்து, பின்னால் சூடான காற்று வெளியேற வேண்டும். இங்கே இரண்டு வாசலும் அடைப்பு! போதாக்குறைக்கு, தங்கை தன் கையாலேயே எம்பிராய்டரி போட்ட ஓர் உறை வேறு அதற்குப் போட்டிருந்தது. பிள்ளை நினைத்தபோது கழற்றுவான், மறந்தபோது அப்படியே ஓட்டுவான். தங்கையிடம் இதை எப்படிச் சொல்ல?

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசியைத் தட்டினோம். காற்றடிக்கும்போது மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுழன்றால் அதற்கு ஆகாது. பிறகு ஹீட் ஸிங்க்கைக் கழற்றினோம். பிராஸஸருக்கும் அதற்கும் நடுவே தடவிய பசை, வறண்ட சாந்துபோல் பொருக்குத் தட்டியிருந்தது.

இந்தப் பசை எதற்கு? வழவழப்பாகத் தெரிகிற இரண்டு உலோகப் பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. பள்ளத்தில் காற்று தங்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அந்த இடத்தைப் பசை நிரப்புகிறது. ஆனால் பசை காற்றைவிட மேலே தவிர, செம்புக்கு ஈடாகாது. ஆகவே பட்டாணி அளவு போதும். பிள்ளையாண்டானோ முன்பு தோசைக்கு நெய் விடுகிற மாதிரி தாராளமாக விட்டிருந்தான்! ஆல்கஹாலால் துடைத்துப் புதுப் பசை வைத்தோம்.

அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் ஒரு பரீட்சை. பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுவதற்கென்று எழுதப்பட்ட 'பிரைம்95' என்ற புரோகிராம், பிராஸஸரை வாட்டி வதைப்பதில் மாமியாரையும் மிஞ்சிவிடும். அதை ஒரு மணி நேரம் ஓட்டினோம். மத்தியான வெயிலில், பெட்டியை மூடி வைத்துத்தான்! 85 டிகிரியைத் தாண்டாத இடத்தில் நிறுத்திக் கொண்டோம். பழைய வேகத்தில் பாதி லாபம் போயிற்று. பையனுக்கு முகம் சுண்டித்தான் போயிற்று. திரவ ஹீலியத்தை ஊற்றி 2022-ல் ஒன்பது ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்கள் உண்டு. அதன் குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. நம் வீட்டு மாடி அறைக்கு அதெல்லாம் சரிப்படுமா?

எம்பிராய்டரி உறையை மடித்துத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, தங்கையிடம் என்ன சமாதானம் சொல்வதென்று யோசித்துக் கொண்டிருந்தேன். அவள் காப்பியை நீட்டினாள்.

"மிஷினுக்கே போட்டு விடுகிறேன், அக்கா. அன்று ராத்திரி நீங்கள் இருவரும் பேசியதெல்லாம் எனக்கும் கேட்டது. நான்தான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்!"