முன் சைட் மங்கும் வயதில்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு சுட்டு, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச்சின் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். டிகெச்சுக்கு அப்போது 51 வயது. “எனக்கும் அதே வயதுதான். கிளப்பில் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். முன் சைட் மங்கலாகத் தெரிகிறது. கடையில் வாங்கிய படிக்கிற கண்ணாடியைப் போட்டால் இன்னும் மோசம். விட்டுவிட வேண்டியதுதானா?” என்று கேட்கிறார்.

விட வேண்டாம். இது வெள்ளெழுத்து, நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவது.

துப்பாக்கியின் பின்பக்கம் பள்ளமாக இருக்கும் பின் சைட், குழல் நுனியில் நிற்கும் முன் சைட், 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க இருபது வயதுக் கண்ணாலும் முடியாது. புதிதாகப் பழகுபவர் இலக்கையே உற்றுப் பார்ப்பார். பயிற்சியாளரோ, இலக்கு மங்கட்டும், முன் சைட்டைப் பார் என்பார். இந்த விளையாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

ஏன் முன் சைட்? எங்கள் வீட்டு முருங்கையில் துரட்டி போடும்போது கோலை அப்படியே ஒரு அங்குலம் நகர்த்தினால் நுனியும் ஒரு அங்குலம்தான் நகரும். மணிக்கட்டு சற்றே திரும்பினால் நுனி அடுத்த கிளைக்குப் போய்விடும். துப்பாக்கியிலும் அதே கணக்குதான். கை நடுங்கித் துப்பாக்கி முழுவதும் 1 மில்லிமீட்டர் விலகினால் குண்டும் அவ்வளவே விலகும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், இரண்டுக்கும் இடைவெளி 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இலக்கில் 30 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பத்தாக வேண்டியது ஏழாகிவிடும்.

கடைக் கண்ணாடி உதவாததற்கும் காரணம் உண்டு. 2 அல்லது 2.5 பவர் படிக்கிற கண்ணாடி அரை மீட்டருக்குள் இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். நீட்டிய கையில் முன் சைட் ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கிறது. அதற்குத் தூரப்பார்வைக்கான பவரோடு 0.5 முதல் 0.75 வரை கூட்டினால் பெரும்பாலும் போதும். இலக்கின் கறுப்பு வட்டமும் ஓரளவு பிடிபடும். பைஃபோகல் வேண்டாம். படிக்கும் பகுதி கீழே இருப்பதால் தலையை அண்ணாந்து சுட நேரிடும்.

கண்ணாடியின் முன் சிறு துளையுள்ள ஐரிஸ் பொருத்தினால் தெளிவு கூடும். ஆனால் வயதான கண்ணுக்குள் ஏற்கெனவே வெளிச்சம் குறைவாகத்தான் போகிறது. துளையை மிகவும் சுருக்கினால் எல்லாம் இருண்டுவிடும். பின் சைட்டின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாருங்கள். முன் சைட்டின் இருபுறமும் வெளிச்சக் கீற்று நன்றாகத் தெரியும். மற்றக் கண்ணை இறுக மூடாதீர்கள், இரண்டு கண்ணும் களைத்துவிடும். மங்கலான ஒரு தகட்டால் மறைத்தால் போதும். சிவப்புப் புள்ளி சைட் வெள்ளெழுத்துக்காரர்களுக்கு வரம், ஆனால் ஒலிம்பிக் பிஸ்டல் பிரிவுகளில் அதற்கு அனுமதியில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறு. ஐம்பதைத் தாண்டினால் “வயசாயிடுச்சு” என்று சொல்லிப் பிடித்ததையெல்லாம் பரணில் போடுகிறோம். கண் பரிசோதனைக்குப் போகாமல் நடைபாதைக் கடையில் கண்ணாடி பொறுக்குகிறோம். இப்படிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டே கண்புரையும் கண் நீர் அழுத்தமும் முற்றிப்போகின்றன. வயது ஒரு சாக்கே இல்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பிஸ்டலில் தங்கம் வென்ற நினோ சலுக்வாட்சே, 2024இல் தன் 55ஆம் வயதில் பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார்.

துப்பாக்கியை வழக்கமாகப் பிடிக்கும் நிலையில், குண்டில்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணிலிருந்து முன் சைட் வரையிலான தூரத்தை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவை எழுதிக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். அந்தத் தூரத்துக்கென்றே கண்ணாடி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.